பில் யார் பெயரில் வருகிறது? ஆன்லைன் சந்தையில் மூன்று வகை விற்பனையாளர்கள்: ஓர் ஒப்பீடு

அண்மையில் கேமராவுக்கு ஒரு லென்ஸ் வாங்கினேன். தளம் ஒன்று, பொருளின் பக்கம் ஒன்று, படமும் ஒன்றுதான். ஆனால் விற்பவர்கள் மூன்று வகை. தளமே நேரடியாக விற்பது முதல் வகை. விற்பவர் வேறொருவர், சரக்கு மட்டும் தளத்தின் கிடங்கிலிருந்து கிளம்பும் என்பது இரண்டாவது வகை. விற்பவரே தன் கடையில் பார்சல் கட்டித் தானே அனுப்புவது மூன்றாவது வகை. நான் மூன்றாம் வகையில் ஒருவரிடம் வாங்கினேன்.

பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இதற்கு நேர் எதிரானது. முடிந்தால் தளத்திடமே வாங்குங்கள், இல்லாவிட்டால் தளத்தின் கிடங்கிலிருந்து வருவதை வாங்குங்கள், முன்பின் தெரியாத செல்லர் தானே அனுப்புவதாக இருந்தால் தொடாதீர்கள் என்பார்கள். கேபிள், கவர் போன்ற சின்னப் பொருள்களுக்கு அது சரி. பல வருடம் உழைக்க வேண்டிய, சீரியல் எண் உள்ள, பழுது பார்த்துப் பயன்படுத்த வேண்டிய ஒரு பொருளுக்கு அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

விலை, டெலிவரி வேகம் இரண்டையும் பற்றி நீட்டப்போவதில்லை. கிடங்கிலிருந்து வருவது சீக்கிரம் வரும், கடைக்காரர் அனுப்புவதற்குச் சில நாள் கூடுதலாகும். விலை மூவரிடமும் தினம் ஏறி இறங்கும். இவை திரையிலேயே தெரிகிற விஷயங்கள், ஒப்பிட யாருடைய உதவியும் வேண்டாம்.

விற்பவரும் அனுப்புபவரும்

தளத்தையே கடை என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். ஈபே 1995-இல் தொடங்கியதிலிருந்தே சொந்தச் சரக்கு இல்லாத சந்தை. அங்கே எதிரில் இன்னொரு மனிதர் இருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அமேசானின் கதை வேறு. புத்தகக் கடையாகத் தொடங்கிய அது, 2000-ஆம் ஆண்டு நவம்பரில்தான் தன்னுடைய பொருள் பக்கங்களிலேயே மற்றவர்களும் விற்கலாம் என்று கதவைத் திறந்தது. அப்புறம் என்ன ஆனது என்பதை அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ் 2019 ஏப்ரலில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஆண்டுவாரியாகவே அடுக்கினார்: மொத்த விற்பனை மதிப்பில் மூன்றாம் தரப்பினரின், அதாவது அமேசான் அல்லாத மற்ற செல்லர்களின் பங்கு, அவர்கள் தனிப் பக்கங்களில் விற்ற 1999-இல் 3 சதவீதம், 2018-இல் 58 சதவீதம். அதாவது, கடைக்காரரே தன் கடைக்குள் சிறுபான்மையாகிவிட்டார். இதைத் தெரிந்துகொள்ளாமல் "அந்தத் தளத்தில் வாங்கினேன்" என்று மட்டும் சொன்னால் யாரிடம் வாங்கினோம் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

பல செல்லர்கள் ஒரே பக்கத்தில் இருந்தாலும், பெரிதாகத் தெரியும் வாங்கும் பொத்தான் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் போகும். விற்பவர்கள் இதை பை பாக்ஸ் என்பார்கள். விலை, டெலிவரி வேகம், செல்லரின் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்துத் தளத்தின் மென்பொருள் அதை முடிவு செய்கிறது. காலையில் பார்த்தபோது இருந்த செல்லர் மாலையில் மாறியிருப்பார். மற்றவர்கள் எல்லாரும் ஒரு சின்ன இணைப்புக்குப் பின்னால் இருப்பார்கள். ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் அமேசானிடம் எழுத்துப்பூர்வமாக வாங்கிய உறுதிமொழிகளில் ஒன்று, விலையிலோ டெலிவரியிலோ போதுமான வேறுபாடு இருந்தால் இரண்டாவது செல்லரையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது. ஒரு பொத்தானின் மீது இவ்வளவு பெரிய விசாரணை நடந்திருக்கிறது என்றால், நாம் அதை யோசிக்காமல் அழுத்தக் கூடாது. பக்கத்தில் "விற்பவர்", "அனுப்புபவர்" என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பணம் கட்டும் கடைசித் திரையிலும் ஒருமுறை அந்தப் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது.

கிடங்கு தரும் தைரியம்

இரண்டாம் வகையைத்தான் பெரும்பாலானோர் வாங்குகிறார்கள். அமேசான் இந்த ஏற்பாட்டை 2006-இல் தொடங்கியது. செல்லர் தன் சரக்கைத் தளத்தின் கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிடுவார். எடுப்பது, பேக் செய்வது, அனுப்புவது, திரும்பி வந்தால் வாங்கி வைப்பது எல்லாம் தளத்தின் வேலை. வாங்குபவருக்கு இதில் உண்மையான வசதி இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் செல்லரோடு வாதாட வேண்டாம். பொத்தானை அழுத்தினால் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார், பணமும் திரும்பி வந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது.

ஆனால் கிடங்கு தளத்துடையது என்பதால் பொருளும் தளத்தின் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல்.

முதலில் சரக்கு கலப்பு. ஒரே பார்கோடு உள்ள பொருளைப் பல செல்லர்கள் கிடங்குக்கு அனுப்பும்போது, அவற்றை ஒன்றுக்கொன்று சமம் என்று கருதி, வாங்குபவருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்து அனுப்பும் முறை பல ஆண்டுகளாக இருந்துவந்தது. நேர்மையான செல்லரின் பெயரைப் பார்த்து நீங்கள் ஆர்டர் போட்டிருப்பீர்கள், வந்து சேர்வதோ இன்னொருவர் கொண்டுவந்து வைத்த பொருளாக இருக்கலாம். அதில் போலி ஒன்று புகுந்திருந்தால், கெட்ட பெயர் நல்ல செல்லருக்குப் போய்விடும். செல்லர்களும் பிராண்டுகளும் நெடுநாள் குறை சொல்லிவந்த பிறகு, இந்த முறையை நிறுத்தப்போவதாக அமேசான் 2025-இல் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் செல்லரின் பெயரை நம்பி வாங்குவது இத்தனை ஆண்டுகளும் எவ்வளவு அரைகுறையான நம்பிக்கையாக இருந்தது என்பதை அது காட்டுகிறது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று: செல்லரின் நட்சத்திர மதிப்பீடு. கிடங்கிலிருந்து போன ஆர்டரில் தாமதம், உடைசல் என்று யாராவது குறை எழுதினால், அனுப்பிய பொறுப்பு தங்களுடையது என்று சொல்லித் தளம் அந்தக் குறையைச் செல்லரின் கணக்கிலிருந்து அடித்துவிடும். செல்லரின் பக்கம் பார்த்தால் அது நியாயம்தான். நமக்கோ, இரண்டாம் வகை செல்லரின் 98 சதவீத நல்ல மதிப்பீடு என்பது ஏற்கெனவே வடிகட்டப்பட்ட எண். தானே அனுப்பும் செல்லருக்கு அந்தச் சலுகை கிடையாது. பார்சல் கிழிந்திருந்தால், தாமதமாக வந்தால், பெட்டிக்குள் பஞ்சு குறைவாக இருந்தால், எல்லாமே அவர் தலையில்தான் விழும். அவர் 97 வாங்கியிருந்தால் அது முழு வேலைக்கும் சேர்த்து வாங்கிய 97. இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியாது.

மூன்றாவதாக, பழுது வந்தால் யாரைக் கேட்பது? கிடங்கு செல்லர்களில் பலர் பொருளைக் கண்ணால் பார்த்ததே இருக்காது. தொழிற்சாலையிலிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ நேராகக் கிடங்குக்குப் போய்விடும். நான் லென்ஸ் வாங்குவதற்கு முன் மூன்று வகையிலும் கேள்வி அனுப்பிப் பார்த்தேன். சீரியல் எண்ணைப் பில்லில் அச்சிடுவீர்களா என்று கேட்டதற்கு, கிடங்கு செல்லரிடமிருந்து வந்தது தயாராக வைத்திருந்த ஒரு பொதுப் பதில். தளத்தின் உதவி மையமும் பொருள் பக்கத்தில் இருந்ததையே திரும்பச் சொன்னது. தானே அனுப்பும் கடைக்காரர் மட்டும்தான் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, எண்ணைப் படமெடுத்து அனுப்பினார்.

ரிட்டர்ன் காலம் முடிந்த மறுநாள்

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளங்கள் தரும் பாதுகாப்பு எல்லாம் வாங்கிய முதல் சில வாரங்களுக்கானது. அமேசானின் ஏ டூ இசட் உத்தரவாதத்தில், கடைசி டெலிவரித் தேதியாகச் சொல்லப்பட்டதிலிருந்து 90 நாள் வரை முறையிடலாம். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் 30 நாள். பணம் செலுத்தும் சேவையான பேபாலில் 180 நாள். கிரெடிட் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் பெரும்பாலான தகராறுகளில் 120 நாள் அளவில்தான் அவகாசம். இந்த எண்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு லென்ஸின் ஃபோகஸ் மோட்டார், ஒரு பிரிண்டரின் உருளை, ஒரு லேப்டாப்பின் கீல் ஆகியவை பழுதாவது பெரும்பாலும் இந்தத் தேதிகள் எல்லாம் தாண்டிய பிறகுதான். அதற்கு மேல் வாங்கியவருக்குத் துணை என்று இருப்பது இரண்டே: தயாரிப்பாளரின் வாரண்டி, விற்றவரின் சட்டப் பொறுப்பு. இரண்டுக்கும் ஆதாரம் பில். அந்தப் பில்லில் இருப்பது தளத்தின் பெயர் அல்ல, விற்றவரின் பெயர்.

தயாரிப்பாளர் வாரண்டி கொடுப்பது பெரும்பாலும் தான் அங்கீகரித்த டீலரிடம் வாங்கியவருக்கு. பொருள் அசலாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு நாட்டுச் சந்தைக்கென்று அனுப்பப்பட்ட சரக்கை வேறு வழியில் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்து விற்பதை கிரே மார்க்கெட் என்கிறார்கள். அதில் பொருள் நூற்றுக்கு நூறு அசல், பெட்டியும் அசல், வாரண்டி மட்டும் அங்கே செல்லாது. நிக்கானின் அமெரிக்க நிறுவனம் இப்படி வந்த கேமராக்களையும் லென்ஸ்களையும், வாரண்டியில் மட்டுமல்ல, கட்டணம் கொடுத்தாலும் பழுது பார்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. இந்த ஆபத்து போலியைவிட மோசம் என்பேன். போலியை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், பணமும் திரும்பும். கிரே மார்க்கெட் சரக்கு நன்றாக வேலை செய்துகொண்டே இருக்கும், பழுதாகும் நாள் வரை ஒரு சந்தேகமும் வராது.

என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. இதே குடும்பத்தைச் சேர்ந்த லென்ஸ், கிடங்கிலிருந்து மறுநாளே வந்தது. படங்கள் அருமையாக இருந்தன. ஃபோகஸ் திணற ஆரம்பித்தபோது ரிட்டர்ன் காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணையும் பில்லையும் கேட்டார்கள். எண் வேறொரு சந்தைக்கு உரியது. பில்லில் இருந்த நிறுவனம் அவர்கள் பட்டியலில் இல்லை. தளத்தைக் கேட்டால் விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். விற்பனையாளரின் பக்கத்தைத் திறந்தால் அது அங்கே இல்லை.

என்னுடைய லென்ஸுக்கும் வாரண்டி தேவைப்பட்டது. ஸூம் வளையம் ஒரு இடத்தில் இறுகியது. கடைக்காரருக்குச் செய்தி அனுப்பியதும் பில்லின் நகலை மறுபடி அனுப்பி, சர்வீஸ் சென்டரில் எந்தப் படிவத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். பில்லில் சீரியல் எண் இருந்தது, கடையின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, கட்டணமும் வாங்கவில்லை.

சட்டமும் விற்றவரைத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருள் எதற்கும் குறைந்தது 2 ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. அந்தக் கடமை தயாரிப்பாளருக்கோ தளத்துக்கோ அல்ல, விற்றவருக்கு. விற்பவர் வியாபாரியா தனிநபரா என்பதை வாங்குமுன்பே தளம் சொல்லியாக வேண்டும் என்ற விதி அங்கே 2022 மே 28 முதல் நடைமுறையில் இருப்பதும் இதனால்தான். தனிநபரிடம் வாங்கினால் அந்த உத்தரவாதம் பொருந்தாது. அமெரிக்காவில் 2023 ஜூன் 27-இல் நடைமுறைக்கு வந்த இன்ஃபார்ம் சட்டம், அதிக அளவில் விற்கும் செல்லர்களின் அடையாளத்தைத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் உள்ளவர்களின் பெயரையும் முகவரியையும் வாங்குபவருக்குக் காட்டவும் வேண்டும். செல்லர் காற்றில் மறைந்துபோவதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டங்கள்.

தளமே பொறுப்பேற்காதா என்று கேட்கலாம். நீதிமன்றங்களே இதில் ஒரே மாதிரி சொல்லவில்லை. லேப்டாப் பேட்டரி வெடித்துக் காயமடைந்த ஒரு பெண்ணின் வழக்கில், செல்லர் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. பொருளைக் கிடங்கில் வைத்திருந்து, பணம் வாங்கி, அனுப்பியது அமேசான் என்பதால் அதையும் பொறுப்பாக்கலாம் என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. அடுத்த ஆண்டே, ரிமோட்டின் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்ட வழக்கில், பொருளின் உரிமை அமேசானிடம் இல்லாததால் அது விற்பனையாளர் ஆகாது என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். இரண்டுமே கிடங்கிலிருந்து போன பொருள்கள்தான். உடல் காயம் ஏற்பட்ட வழக்குகளிலேயே இவ்வளவு இழுபறி என்றால், ஒரு ஃபோகஸ் மோட்டாருக்காகத் தளத்தின் மேல் நம்பிக்கை வைப்பதில் பொருளில்லை.

மறுவிற்பனையும் இதே நூலில்தான் தொங்குகிறது. லென்ஸ் வாங்குபவர்கள் சில வருடம் கழித்து விற்றுவிட்டு அடுத்ததற்குப் போவது வழக்கம். பழைய லென்ஸ் வாங்க வருகிறவர் கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார், அடுத்த கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். சீரியல் எண்ணோடு, அங்கீகரிக்கப்பட்ட கடையின் பில் இருந்தால் பேரம் அதோடு முடிந்துவிடும். பெயர் தெரியாத நிறுவனத்தின் பில் என்றால், திருட்டுப் பொருளோ என்ற சந்தேகத்தையும் சேர்த்து விலையைக் குறைப்பார்.

போலி பற்றி

போலி பயத்தில்தான் பலரும் மூன்றாம் வகையை ஒதுக்குகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அது எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018-இல் வெளியிட்ட அறிக்கை இதை நன்றாகக் காட்டுகிறது. பல தளங்களில் மூன்றாம் தரப்பு செல்லர்களிடம் 47 பொருள்களை வாங்கி, பிராண்டின் உரிமையாளர்களிடமே கொடுத்துச் சோதித்தார்கள். 20 போலி. பிரித்துப் பார்த்தால், அழகுசாதனப் பொருள்கள் 13-இல் 13-ம் போலி, பயணக் குவளைகள் 9-இல் 6 போலி, போன் சார்ஜர்கள் 10-இல் 1 போலி, காலணிகள் 15-இல் ஒன்றுகூடப் போலி இல்லை. மாதிரி சின்னதுதான், இதை வைத்து மொத்தச் சந்தையையும் எடை போட முடியாது. ஆனாலும் அழகுசாதனப் பொருளை அறிமுகமில்லாத செல்லரிடம் வாங்க மாட்டேன் என்று முடிவெடுக்க எனக்கு அது போதும்.

லென்ஸைப் போலியாகச் செய்வது கடினம், லாபமும் இல்லை. அதைச் சுற்றி வாங்கும் மெமரி கார்டும் பேட்டரியும்தான் போலிக்காரர்களுக்குப் பிடித்தவை. 32 ஜிபி கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி 256 ஜிபி என்று காட்டும்படி செய்வார்கள். கணினியும் அதை நம்பும். நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் பழையவற்றின் மேலே விழுந்து எல்லாமே கெடும். எந்தக் கார்டு வாங்கினாலும் வந்தவுடன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உண்டு. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பொருள்களில் என் ஓட்டு தளத்துக்கே. கார்டு, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தளமே நேரடியாக விற்பதையோ பிராண்டின் சொந்தக் கடையாகச் சரிபார்க்கப்பட்டதையோதான் வாங்குகிறேன். பக்கத்தின் மேலே பிராண்டின் பெயர் இருப்பதை மட்டும் வைத்து அது பிராண்டின் கடை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிர்கன்ஸ்டாக் 2017 தொடக்கத்தில் போலிகளையும் அங்கீகாரமற்ற செல்லர்களையும் காரணம் காட்டி அமெரிக்காவின் அமேசானிலிருந்து விலகியது. நைக்கி 2019-இல் அமேசானுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பதை நிறுத்தியது. விலகிய பிறகும் அவர்களுடைய செருப்புகளும் ஷூக்களும் அங்கே மற்றவர்களால் விற்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

பொருளுக்கான விமர்சனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பக்கத்தில் வேறு பொருளை வகைகளாக இணைத்து, பழைய பொருளின் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களைப் புதியதற்கு மாற்றிவிடும் தந்திரம் உண்டு. இப்படிச் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் பவுன்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனத்திடம் 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. விமர்சனங்களில் புத்தகத்தையோ வேறு பொருளையோ பற்றிப் பேசுகிறார்களா என்று பழையவற்றையும் கொஞ்சம் உருட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தானே அனுப்பும் செல்லரை எப்படித் தேர்ந்தெடுத்தேன்

மூன்றாம் வகை என்றாலே நல்லது என்று சொல்லவில்லை. அதே வரிசையில் மோசடிக்காரர்களும் நிற்கிறார்கள். அவர்களின் வழக்கமான வேலை ஒன்றைச் சொல்கிறேன். வருடக்கணக்காகப் பழைய புத்தகமோ பொம்மையோ விற்று நல்ல பெயர் வாங்கிய ஒரு கணக்கைக் கைப்பற்றுவார்கள். ஒரே இரவில் அதில் விலை உயர்ந்த கேமராக்கள் முளைக்கும், எல்லாமே பாதி விலைக்கு. டெலிவரிக்கு நிறைய நாள் எடுத்துக்கொள்வார்கள். பணம் கைக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட வேண்டும் என்பது கணக்கு. இன்னொரு வகை, அதே ஊரில் வேறு யாருக்கோ ஒரு வெற்று உறையை அனுப்பி, அந்த டிராக்கிங் எண்ணை உங்களுக்குக் கொடுத்து, டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டுவது. அப்படி நடந்தால் கொரியர் நிறுவனத்திடம் பார்சல் எந்த முகவரிக்குப் போனது, எடை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கித் தளத்திடம் கொடுக்க வேண்டும். இந்த வழியில் போக வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை, அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுச் சொல்வது.

அதனால் நான் தளத்தில் தேடவில்லை. முதலில் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட டீலர் பட்டியலை எடுத்துக்கொண்டேன். அதில் இருந்த கடைகளில் யாரெல்லாம் தளத்திலும் செல்லராக இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெயர் ஒத்துப்போனால் போதாது, செல்லர் விவரப் பக்கத்தில் இருக்கும் சட்டப்படியான நிறுவனப் பெயரும் முகவரியும் பட்டியலில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கிடைத்த சிலரிடம் தளத்தின் செய்தி வசதி வழியாகவே கேள்வி கேட்டேன்: சீரியல் எண் பில்லில் வருமா, வாரண்டி கார்டில் கடை முத்திரை இருக்குமா, இந்தச் சரக்கு எந்தச் சந்தைக்கு உரியது? மூன்றுக்கும் நேரான பதில் கொடுத்தவரிடம் வாங்கினேன். அந்தப் பதில்கள் தளத்தின் பதிவில் இருப்பதே பிறகு ஒரு சாட்சி. இதைத் தாண்டி, தளத்துக்கு வெளியே பணம் கட்டினால் தள்ளுபடி தருகிறேன் என்று எந்த செல்லர் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தளத்தின் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும்.

மதிப்பீட்டில் மொத்த எண்ணைப் பார்க்காமல் கடைசி 12 மாதத்தைப் பார்த்தேன். அதிலும் நல்லவற்றை விட்டுவிட்டுக் குறைகளை மட்டும் படித்தேன். "தாமதம்" என்ற குறை எனக்குப் பெரிதல்ல. "பில் தரவில்லை", "வேறு சீரியல் எண்", "பதிலே இல்லை" என்ற குறை ஒன்று இருந்தாலும் விலகிவிடுவேன்.

அப்படியென்றால் டீலரின் சொந்த இணையதளத்திலேயே வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், சில நேரம் விலையும் குறையும். ஆனால் தளம் வழியாக வாங்கும்போது டீலரின் பில்லும் கிடைக்கிறது, முதல் 90 நாளுக்குத் தளத்தின் பாதுகாப்பும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே ஆர்டரில் சேர்வது இந்த ஒரு வழியில்தான். மூன்றாம் வகைக்கு நான் சாய்வதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

தளமே நேரடியாக விற்பதோடு ஒப்பிட்டால்? அது நல்ல தேர்வுதான், பில்லும் தெளிவாக இருக்கும். தளம் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட டீலராக இருந்தால் நான் சொன்ன வாதத்தில் பாதி அடிபட்டுப்போகும். ஆனால் எல்லா பிராண்டுக்கும் அது அப்படி இல்லை, பட்டியலில் சரிபார்த்தாக வேண்டும். பில்லில் சீரியல் எண் வேண்டும் என்று கேட்டு வாங்கவும் அங்கே ஆள் கிடையாது. கோளாறு என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தருவார்களே தவிர, எந்த சர்வீஸ் சென்டர், எந்தப் படிவம் என்று சொல்லித்தர அங்கே லென்ஸ் தெரிந்தவர் இருப்பதில்லை.

உடை, மரச்சாமான், பெரிய வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றில் இந்த வரிசையை நான் சோதித்துப் பார்த்ததில்லை. உடையில் அளவு சரியில்லை என்பதே பெரிய பிரச்சினை என்பதால் எளிதாகத் திருப்பி அனுப்ப முடியும் கிடங்கு வகைதான் அங்கே ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். மரச்சாமானைத் திருப்பி அனுப்புவது எந்த வகையிலும் தலைவலிதான் என்று கேள்வி. கேமரா, லென்ஸ், பிரிண்டர், பவர் டூல் என்று சீரியல் எண்ணும் சர்வீஸ் சென்டரும் உள்ள பொருள்களுக்கு மட்டும்தான் என் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று என்றால், பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. முகவரி ஒட்டிய பக்கம் தெரியும்படி, பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். பெட்டியில், பொருளில், பில்லில், வாரண்டி கார்டில் உள்ள சீரியல் எண் நான்கும் ஒன்றா என்று பாருங்கள். பொருள் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் செல்லர் விவரமும் வர்ணனையும் பிறகு மாறிவிடும். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் பதிவு செய்யுங்கள். எண் அங்கே ஏற்கப்படவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் அச்சடித்த பில்லின் எழுத்து மங்கிவிடும், அதனால் அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.